காது நம்பாத லூப்

பிட்ஸ் ஸ்பெஷலில் லூப் போடுவது சுலபம். மூக்கைச் சற்று கீழே இறக்கி வேகம் சேர்த்துக்கொண்டு, ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடித்தால் போதும். அடிவானம் காலடியில் நழுவி மறையும். கொஞ்ச நேரம் வெறும் வானம். பிறகு தலைக்கு மேலிருந்து பூமி இறங்கி வரும். முதல் நாளே செய்துவிடலாம். அதை வட்டமாகப் போடுவதுதான் கஷ்டம். நான்கு வருடமாக முயன்றுகொண்டிருக்கிறேன்.

நிஜ விமானத்தில் இல்லை. மேடவாக்கத்தில் எங்கள் ஃப்ளாட்டின் ஹால் மூலையில், ஒரு 27 இன்ச் மானிட்டர் முன்னால். மேசை விளிம்பில் திருகி இறுக்கிய ஜாய்ஸ்டிக். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ரட்டர் பெடல், அது டைல்ஸில் வழுக்காமல் இருக்க அடியில் யோகா மேட். மனைவி இந்த மூலைக்கு வைத்திருக்கும் பெயர் 'தையல் மெஷின்'. கையும் காலும் ஆடிக்கொண்டே இருக்கும், முகம் மட்டும் உறைந்துபோய் இருக்கும் என்பாள்.

மென்பொருள், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் 2020 பதிப்பு. அதனோடு வரும் விமானங்களில் ஒன்று பிட்ஸ் ஸ்பெஷல் எஸ்2எஸ். ஒற்றை இருக்கை, இரண்டு அடுக்கு இறக்கை, சாகசம் தவிர வேறெதற்கும் உதவாத விமானம். பொதுவாக இந்த மென்பொருளைப் பற்றி எழுதுபவர்கள் கிராஃபிக்ஸ் எப்படி, எந்தக் கார்டில் எத்தனை ஃப்ரேம் வருகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இதையும் ஒரு ஆக்கமாக எடுத்துக்கொண்டு, இது நம்மிடம் என்ன கேட்கிறது, நாம் கொடுப்பதை என்ன செய்கிறது என்று பார்க்க முடியுமா என்பது என் ஆசை. நான்கு வருடத்தில் இதைப் பற்றி எனக்கு ஒரு தெளிவான கருத்து உருவாகியிருந்தது. போன வருடம் என் இடது காது அதைக் கலைத்துவிட்டது.

*

முதலில் விமானத்தைப் பற்றி.

கர்டிஸ் பிட்ஸ் தன் முதல் 'ஸ்பெஷ'லை அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 1940களின் நடுவில் கட்டினார். போர் விமானங்கள் அதற்குள் ஒற்றை இறக்கைக்கும் உலோக உடலுக்கும் மாறியிருந்தன. ஜெட் வந்துவிட்டிருந்தது. அந்த நேரத்தில் இவர் இரும்புக் குழாய்ச் சட்டம், மர இறக்கை, மேலே போர்த்திய துணி, குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பிகள் என்று பழைய பாணிக்குப் போனார். காரணம் பழசின் மேல் மோகம் இல்லை, கணக்கு. இறக்கையை இரண்டாகப் பிரித்து மேலும் கீழும் வைத்தால் அதன் நீளத்தைக் குறைக்கலாம். நீளம் குறைந்தால் விமானம் சட்டென்று உருளும். நடுவில் இருக்கும் தூண்களும் கம்பிகளும் சேர்ந்து ரயில் பாலம் மாதிரி பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். ஆக, எடை குறைவு, வலு அதிகம்.

அவர் கட்டிய இரண்டாவது விமானத்தை பெட்டி ஸ்கெல்டன் என்ற இளம்பெண் வாங்கி 'லிட்டில் ஸ்டிங்கர்' என்று பெயர் வைத்தார். முனைக்கு முனை ஐந்து மீட்டர் சுமார்தான், நம் ஊர் காரைவிடக் கொஞ்சம் நீளம். அமெரிக்கப் பெண்கள் சாகசப் பறத்தல் பட்டத்தை ஸ்கெல்டன் 1948 முதல் 1950 வரை தொடர்ந்து மூன்று முறை வென்றார், பிந்தைய இரண்டும் இந்த விமானத்தில். தரையிலிருந்து பத்தடி உயரத்தில் கட்டிய நாடாவைத் தலைகீழாகப் பறந்துவந்து அறுப்பது அவருடைய நிகழ்ச்சிகளில் ஒன்று. இப்போது அந்த விமானம் வாஷிங்டனுக்கு அருகில் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தின் உட்வார்-ஹேஸி மையத்தில் தொங்குகிறது, தலைகீழாகவே. 1972 உலகப் போட்டியில் அமெரிக்க அணி பட்டம் வென்றதும் பிட்ஸ்களில்தான்.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமானது ஒன்று உண்டு. இந்த விமானம் எங்கேயும் போவதற்காகக் கட்டப்பட்டதல்ல. சாமான் ஏற்றாது, தூரம் போகாது, குண்டு போடாது. காற்றில் ஒரு உருவம் வரைந்துவிட்டு, கிளம்பிய இடத்திலேயே இறங்கும். கோலம் மாதிரிதான். அடுத்த நிமிடம் இருக்காது.

*

இப்போது மென்பொருள்.

புரூஸ் ஆர்ட்விக் 1979-ல் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதிய முதல் ஃப்ளைட் சிமுலேட்டரில் உலகம் என்பது சில கோடுகள். 2020 பதிப்பை பிரான்சின் போர்தோ நகரத்து அசோபோ ஸ்டூடியோ உருவாக்கியது. அதில் உலகம் என்பது பிங் வரைபடத்திலிருந்து வரும் 2 பெட்டாபைட்டுக்கு மேற்பட்ட தரவு. வெளியான வாரத்தில் எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். கோபிசெட்டிப்பாளையத்துக்குப் பறந்துபோய் அம்மா வீட்டு மொட்டைமாடியைத் தேடினேன். கிடைத்தது. தண்ணீர்த் தொட்டி இருந்த இடத்தில் ஒரு மரம் முளைத்திருந்தது.

நாற்பது வருடத்தில் இந்த மென்பொருளின் கவனம் விமானத்திலிருந்து ஊருக்கு நகர்ந்துவிட்டது என்பது என் முதல் புகார். 'உன் வீட்டைப் பார்' என்று கூப்பிடுகிறது. பார்த்து முடித்தவர்கள் போய்விடுகிறார்கள். பிட்ஸ் ஓட்டுபவனுக்கு ஊர் வேண்டாம். அடிவானம் வேண்டும், தரையில் நேராக ஓடும் ஒரு ரோடு வேண்டும், இடது இறக்கையின் முனை வேண்டும். லூப்பிலும் செங்குத்து ஏற்றத்திலும் முன்னால் பார்த்துப் பயனில்லை, அங்கே வானம் மட்டும்தான். தலையை இடதுபக்கம் திருப்பி, இறக்கை முனை அடிவானத்தோடு என்ன கோணத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். போட்டி விமானிகள் இதற்காகவே இறக்கை முனையில் கம்பிகளால் ஒரு முக்கோணச் சட்டம் மாட்டுவார்கள். இந்த மூன்றையும் ஆர்ட்விக்கின் கோடுகளே கொடுத்திருக்கும்.

சரி, விமானத்தை எப்படிச் செய்திருக்கிறார்கள்? நேர்மையாகச் சொன்னால், வேகத்துக்கும் உயரத்துக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் சரியாக இருக்கிறது. ஹேமர்ஹெட் என்றொரு வித்தை உண்டு. செங்குத்தாக ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். வேகம் தேய்ந்து, விமானம் நின்றுபோவதற்குச் சற்று முன்னால் இடது ரட்டரை முழுக்க மிதிக்க வேண்டும். மூக்கு பக்கவாட்டில் விழுந்து, வந்த வழியே செங்குத்தாக இறங்கும். சீக்கிரம் மிதித்தால் வளைவு அகலமாகி அசிங்கமாகும். தாமதித்தால் மிதித்து ஒன்றும் நடக்காது, வால்பக்கமாக வழுக்கும். அந்த நொடியைக் காதால்தான் பிடிக்கிறேன். காற்றின் இரைச்சல் அடங்கிக்கொண்டே வந்து, எஞ்சின் சத்தம் மட்டும் தனித்து நிற்கும் இடம் ஒன்று வரும். அந்த ஒலியைச் செய்தவர் யாரோ, கைகொடுக்கத் தோன்றும்.

இல்லாதவை? ஸ்டிக்கின் கனம் இல்லை. நிஜத்தில் வேகம் கூடக்கூட ஸ்டிக் கைக்கு இறுகும். என் ஜாய்ஸ்டிக்கின் ஸ்பிரிங்குக்கு ஓடுபாதையில் நிற்பதும் 300 கிலோமீட்டர் வேகத்தில் பாய்வதும் ஒன்றுதான். இறங்கும்போது பக்கப் பார்வை இல்லை. பிட்ஸ் வாலைத் தரையில் வைத்து மூக்கைத் தூக்கி நிற்கும் விமானம், முன்னால் எஞ்சின்தான் தெரியும். விமானி இரண்டு கடைக்கண்ணாலும் ஓடுபாதையின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு இறங்குவார். ஒற்றை மானிட்டரில் கடைக்கண்ணே கிடையாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய இல்லாமை, உட்காரும் இடம். லூப்பின் வட்டம் அங்கேதான் இருக்கிறது.

இதை விளக்க வேண்டும். லூப்பின் அடியில் விமானம் வேகமாக இருக்கும், உச்சியில் மெதுவாக. வேகம் பாதியானால், அதே இழுவிசைக்கு வளைவின் ஆரம் கால்வாசியாகிவிடும். ஆகவே ஸ்டிக்கை ஒரே மாதிரி இழுத்தால் மேல்பக்கம் குறுகி, கூர்முனை மேலே நிற்கும் முட்டை வரும். வட்டம் வேண்டுமென்றால் கீழே பலமாக இழுத்து, உச்சியில் கையைத் தளர்த்தி, கிட்டத்தட்ட மிதக்கவிட்டு, இறங்கும்போது மறுபடி இறுக்க வேண்டும். சமமான உருவம் வருவதற்குச் சமமில்லாத கை வேண்டும். எவ்வளவு தளர்த்துவது என்பதை நிஜ விமானிக்கு இருக்கை சொல்லும். உடம்பு லேசாகி பெல்ட்டில் மிதக்கும் உணர்வுதான் அளவுகோல். எனக்கு நாற்காலி ஒன்றும் சொல்லாது. அது ஹாலில் இருக்கிறது.

*

இன்னொரு புகாரும் வைத்திருந்தேன், இன்றும் வைத்திருக்கிறேன்.

நிஜப் போட்டியில் ஒவ்வொரு உருவத்துக்கும் பத்துக்கு மார்க். ஐந்து டிகிரி பிசகுக்கு ஒரு மார்க் போச்சு. தரையில் நடுவர்கள் நாற்காலி போட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிமுலேட்டருக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: மோதினாயா, மோதவில்லையா. நான் போட்ட முட்டையை அது வட்டமென்றும் சொல்லாது, முட்டையென்றும் சொல்லாது. 2 பெட்டாபைட்டுக்கு உலகைப் பார்த்து வைத்திருக்கும் மென்பொருள் என்னைப் பார்ப்பதில்லை.

தொழில் புத்தி விடவில்லை. சிம்கனெக்ட் என்ற இடைமுகம் வழியாக விமானத்தின் இடத்தையும் உயரத்தையும் நொடிக்குப் பலமுறை வெளியே எடுக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பைதானில் சின்னதாக ஒரு நடுவரை எழுதினேன். லூப்பின் பாதைக்கு மிக நெருக்கமான வட்டத்தைப் பொருத்தி, எங்கெங்கே எவ்வளவு விலகினேன் என்று படம் போட்டுக் காட்டும். அதற்கு முன் மூன்று வருடம் நான் போட்டதெல்லாம் வட்டம் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் படத்தைப் பார்த்ததும் கோழிப்பண்ணை வைத்திருக்கும் மாமா ஞாபகம் வந்தது.

இதுவரை சொன்னதுதான் என் தெளிவான கருத்து. கண்ணுக்கும் செவிக்கும் இந்த மென்பொருள் நியாயம் செய்கிறது. உடம்புக்கு ஒன்றும் செய்வதில்லை, ஏனென்றால் உடம்பு இதில் கலந்துகொள்வதே இல்லை. அலுவலக நண்பனிடம் இதைச் சொன்னபோது அவன் யோசிக்கவே இல்லை. "விஆர் ஹெட்செட் வாங்கு மச்சான், எல்லாம் செட் ஆயிடும்."

*

போன ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலை, எழுந்து உட்கார்ந்தேன். அறை உட்காரவில்லை. சுவர் வலதுபக்கமாக ஓடியது. ஓடி முடிக்காமல் மறுபடி தொடங்கிய இடத்திலிருந்து ஓடியது. கண்ணை மூடினால் இன்னும் மோசம். தவழ்ந்துதான் பாத்ரூம் போனேன். வாந்தி எடுத்து எடுத்து, கடைசியில் எடுக்க ஒன்றுமில்லாமல் எடுத்தேன். போனில் அம்மா, "பித்தம் கண்ணு, இஞ்சிச் சாறு வெச்சுக் குடி" என்றார். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா, நீ அசையாமதான் இருக்க" என்று எனக்குத் தகவல் சொன்னாள்.

காது மூக்கு தொண்டை டாக்டர் ஐம்பதைத் தாண்டிய அம்மா. என் தலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "கேக்குற திறனுக்கு ஒண்ணும் ஆகல. பேலன்ஸுக்குப் போற நரம்புலதான் வீக்கம். வைரஸா இருக்கலாம்."

"சரியாயிடுமா டாக்டர்?"

"நரம்பு முழுசா திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது. மூளை பழகிக்கும். ஆனா படுத்தே இருந்தீங்கன்னா பழகாது. நடக்கணும், தலையைத் திருப்பணும்."

உள்காதில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே திரவம். தலை எந்தப் பக்கம் சுழன்றாலும் ஏதாவதொரு குழாய்க்குத் தெரிந்துவிடும். மூக்கு ஏறுவது, பக்கவாட்டில் உருள்வது, இடம் வலம் திரும்புவது என்று சிமுலேட்டரில் நான் தினமும் புழங்கும் மூன்று அச்சுகளும் எனக்குள்ளேயே இருந்திருக்கின்றன. என் இடது காதில் அந்த மூன்றின் செய்தி நின்றுபோயிருந்தது. சத்தம் மட்டும் துல்லியமாகக் கேட்டது. கட்டிலில் படுத்துக்கொண்டு யோசித்தபோது சிரிப்புதான் வந்தது. நான்கு வருடமாக என் சிமுலேட்டரைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்ததும் இதேதான்: ஒலி பிரமாதம், அசைவு பூஜ்யம்.

பயிற்சி கொடுத்தார்கள். மகளின் ஸ்கெட்ச் பேனாவால் 'அ' என்று எழுதிச் சுவரில் ஒட்டி, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் இடதும் வலதும் ஆட்ட வேண்டும். முதல் வாரம் 'அ' மிதந்தது. நான்காவது வாரம் நின்றது. ஆறாவது வாரம் டாக்டர், "இனிமே அசையுற படங்களைக் கொஞ்சம் கொஞ்சமா பாக்கலாம், அஞ்சு நிமிஷம் போதும்" என்றார். அவர் நினைத்தது டிவியை.

அன்று இரவு பிட்ஸை எடுத்தேன். உயரே ஏறி, சும்மா ஒரே ஒரு உருளல். ஆயிரக்கணக்கில் போட்டது. அடிவானம் சாய ஆரம்பித்ததும் நாற்காலி கவிழ்ந்தது. கவிழவில்லை, ஆனால் கவிழ்ந்தது. இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டேன். பூமி தலைக்கு மேலே போனபோது நான் தொங்கினேன். வயிறு தொண்டைக்கு வந்தது. பெல்ட் இல்லையே என்று நிஜமாகவே பயந்தேன். அப்புறம் எழுந்து ஓடி, வாஷ்பேசினில் வாந்தி.

வாயைக் கொப்பளித்தபடி அங்கேயே நின்று யோசித்தேன். என் கருத்து தப்பு. உடம்பு இதில் கலந்துகொள்வதில்லை என்று நினைத்திருந்தேன். நான்கு வருடமும் உடம்பு கலந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, சாட்சியாக. கண் 'கவிழ்கிறோம்' என்று சொன்ன ஒவ்வொரு முறையும் காது 'பொய், ஹாலில் உட்கார்ந்திருக்கிறாய்' என்று மறுத்திருக்கிறது. அந்த மறுப்பு எப்போதும் ஜெயித்ததால் அதை மௌனம் என்று எடுத்துக்கொண்டேன். சாட்சி பாதி படுத்துவிட்டபோது, கண் சொன்னதை மூளை அப்படியே நம்பியது. அந்த ஒரு நிமிடம் நான் பறந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். சகிக்கவில்லை. நண்பனின் ஹெட்செட் யோசனை ஏன் பலருக்குத் தலைசுற்றலில் முடிகிறது என்பதும் விளங்கியது. அது கண்ணின் குரலை உயர்த்துகிறது, காதும் பதிலுக்குக் குரலை உயர்த்துகிறது.

*

சிமுலேட்டர் பிறந்ததே இந்த வழக்கில்தான். 1920களின் இறுதியில் அமெரிக்காவின் பிங்ஹாம்டன் ஊரில் எட்வின் லிங்க், தன் குடும்பத்தின் பியானோ, ஆர்கன் தொழிற்சாலையில் கிடைத்த துருத்திகளை வைத்து, சாய்ந்து திரும்பும் ஒரு குட்டி விமானப் பெட்டியைச் செய்தார். முதலில் அதை வாங்கியவை பொழுதுபோக்குப் பூங்காக்கள். 1934-ல் அமெரிக்க ராணுவம் தபால் விமானங்களை ஓட்டப்போய், மோசமான வானிலையில் விமானிகளை இழந்த பிறகுதான் லிங்க்கிடம் ஆறு பெட்டிகள் வாங்கினார்கள். மேகத்துக்குள் அடிவானம் தெரியாது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் காதின் திரவமும் கூடவே சுற்றப் பழகி, 'நேராகப் போகிறாய்' என்று சொல்லிவிடும். அதை நம்பியவர்கள் சுழன்றபடியே தரையில் விழுந்தார்கள். பெட்டியை மூடி, உள்ளே கருவிகளை மட்டும் காட்டி, லிங்க் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றுதான்: காதை நம்பாதே.

நான் அதன் மறுபக்கத்தில் இருக்கிறேன். என் மூளை இப்போது இடது காது இல்லாமல் நடக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது, கண்ணையும் பாதத்தையும் வைத்து. கரண்ட் போனால் மாடிப்படியில் தடுமாறுகிறேன். பகலில் யாருக்கும் தெரியாது. உருளல் மறுபடி வெறும் படமாகிவிட்டது. குணமானதற்கு அதுதான் அடையாளம் என்றார் டாக்டர்.

இதில் போனது ஒன்று உண்டு. ஆன்சைட் வாய்ப்பு வந்தால், அங்கே ஒரு பயிற்சியாளரோடு இரட்டை இருக்கை பிட்ஸில் ஒரு மணி நேரம் போக வேண்டும் என்று தனியாகப் பணம் சேர்த்துவந்தேன். டாக்டரிடம் கேட்டேன். "ஃப்ளைட்ல பயணியா தாராளமா போங்க" என்றார். தலைகீழாக என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எதுக்கு சார்? நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன்." இந்தத் தையல் மெஷின் ஒரு ஒத்திகை என்றுதான் இத்தனை நாள் எனக்குள் நியாயம் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி அரங்கேற்றம் கிடையாது. அப்படியானால் இது என்ன?

இந்த இடத்தில்தான் 'நிஜம் மாதிரியே இருக்கு', 'நிஜம் மாதிரி இல்லை' என்ற இரண்டு வகை விமர்சனமும் எனக்குப் பயன்படாமல் போனது. இரண்டுக்கும் அளவுகோல் ஒன்றே, அந்த நிஜம் எனக்கு இல்லை. ஸ்பெயின் நாட்டு விமானி ஹோசே லூயிஸ் அரெஸ்தி 1960களின் தொடக்கத்தில் சாகசப் பறத்தலுக்கென்று ஒரு குறியீட்டு முறையை வகுத்துக்கொடுத்தார். கோடு, வளைவு, அம்பு, முக்கோணம். ஒரு முழு நிகழ்ச்சியையும் ஒரு சீட்டில் எழுதிவிடலாம். இன்றும் போட்டிக்கு முன்னால் விமானிகள் அந்தச் சீட்டோடு புல்தரையில் இறங்கி, உள்ளங்கையை விமானமாக்கி, கண்ணை மூடி, அடி வைத்துச் சுழன்று அத்தனையையும் ஒருமுறை 'பறப்பார்கள்'. எஞ்சின் இல்லை, திரை இல்லை. தெரியாதவர் பார்த்தால் சாமியாட்டம் என்பார். உலகத்தின் மிகப் பழைய சிமுலேட்டர் அந்தக் கைதான். அதை யாரும் நிஜத்தோடு ஒப்பிட்டுக் குறை சொல்வதில்லை, ஏனென்றால் அந்தக் கை உருவத்தைச் சரியாகப் பிடிக்கிறதா என்பது மட்டும்தான் அங்கே கேள்வி.

அந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால், 2020 மென்பொருள் பிட்ஸுக்குப் பாதி நியாயம் செய்திருக்கிறது. வட்டத்துக்குச் சமமில்லாத கை வேண்டும் என்ற உண்மையை அது ஒளிக்கவில்லை. கையைத் தளர்த்தாவிட்டால் முட்டைதான் தருகிறது. அந்த முட்டையை எனக்குக் காட்ட மட்டும் மறுக்கிறது. என் பழைய புகார் அப்படியே நிற்கிறது, காரணம் இன்னும் கூர்மையாகியிருக்கிறது. இருக்கை உணர்வைக் கொடுக்க முடியாத ஒரு சாதனம், அதற்குப் பதிலாகப் பார்வையையாவது திருப்பித் தர வேண்டும். என் மூளை காதுக்குப் பதிலாகக் கண்ணை வைத்துக்கொண்ட மாதிரி. தான் போட்ட கோலத்தை உயரத்திலிருந்து பார்க்கும் வசதி ஸ்கெல்டனுக்கு இல்லை, எனக்கு இருக்க முடியும். மென்பொருளின் விலையில் அது சேரவில்லை, நானே எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது.

மகளின் 'அ' இன்னும் சுவரில் இருக்கிறது. ஆரம்பிப்பதற்கு முன்னால் இரண்டு நிமிடம் அதைப் பார்த்துத் தலையாட்டிக்கொள்கிறேன். நேற்றிரவு எட்டு லூப். உச்சிக்கு வந்ததும் கை தானாக இழுக்கப் பார்க்கிறது, சீக்கிரம் பூமியைப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம். பார்வையை இடது இறக்கை முனையில் வைத்து, ஒன்று, இரண்டு என்று எண்ணி, தளர்த்தினேன். மனைவி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள், திரையில் என் நடுவர் போட்ட படத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"இது என்ன, கத்தரிக்காயா?"

"லூப்."

"போன மாசத்துக்கு இது பரவால்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.